பெயர் இல்லாத இரண்டாம் பக்கம்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எழுதி வைக்கப் போகிறேன். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஆறு மாதமாக மேஜையில் சும்மா கிடந்தது. நாளைக்கு யாராவது என்னைக் கேள்வி கேட்டால் தேதியோடு, நேரத்தோடு பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான்.

எங்கள் மருத்துவமனையில் நூற்றிருபது படுக்கை, எண்பது கம்ப்யூட்டர், பதினான்கு பிரிண்டர், ஒரு சர்வர். இத்தனைக்கும் ஒரே ஆள், சென்னியப்பன், அதாவது நான். பதினோரு வருஷமாக. ஒழுங்காக ஓடும் நாளில் என்னை யாருக்கும் தெரியாது.

காலைக் கூட்டத்தில் லேப் இன்சார்ஜ் ஜெசிந்தா எழுந்தார். வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் ரிப்போர்ட் எதுவும் பிரிண்ட் ஆகவில்லை, நான்கு முறை போன் செய்தும் சிஸ்டம் அறையில் யாரும் எடுக்கவில்லை என்றார். ஆறு டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர் என்னைப் பார்த்தார். மேனேஜர் பரமேஸ்வரன் தன் செல்போனைப் பார்த்தார். சர்வரில் வேலை செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னேன். உண்மைதான். ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன். நிமிடத்துக்கு ஒரு தரம் மணி அடித்தால் எவனால் யோசிக்க முடியும்?

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் என்றால் எல்லார் முன்னாலும் ஒருவனை நிற்க வைக்கலாம் என்று நினைப்பு.

ஜூன் 5, புதன்

கோளாறு இதுதான். சர்வருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சில சர்வீஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று, லேப் மெஷினிலிருந்து ரிசல்ட்டை எடுத்து வரும். இன்னொன்று, அதை வரிசையில் நிறுத்தி பிரிண்டருக்கு அனுப்பும். இந்த இரண்டாவதுதான் மூச்சுவிட மாட்டேன் என்கிறது. திரையில் பார்த்தால் ‘ஓடுகிறது’ என்றே காட்டும். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வராது. நிறுத்தச் சொன்னால் ‘நிறுத்திக்கொண்டிருக்கிறேன்’ என்று பத்து நிமிடம் சொல்லும், நிற்காது. கடைசியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் லேபில் முப்பது ரிப்போர்ட் சேர்ந்துவிடும். அது நின்றால் முதலாவதும் பின்னாலேயே நின்றுவிடுகிறது.

சர்வரை ஒரு முறை முழுதாக ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். மருந்தகத்தில் பில் போட முடியாமல் இருபது பேர் நின்றார்கள் என்று பரமேஸ்வரன் கத்தினார். பிறகு மத்தியானமே மறுபடி நின்றது.

ஜூன் 6, வியாழன்

ஏழு முறை நின்றது. ஜெசிந்தா ஐந்து போன். வீட்டில் தண்ணீர் மோட்டார் எடுக்கவில்லை, குளிக்காமல் வந்தேன்.

ஜூன் 10, திங்கள்

முடித்துவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த சர்வீஸைத் தானாகத் தள்ளிவிட்டுத் தானாகத் தொடங்கும்படி நாலு வரி எழுதி சர்வரில் போட்டுவிட்டேன். நான் எழுந்து போக வேண்டியதில்லை. மத்தியானத்திலிருந்து ஒரு போன் கூட இல்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு அமைதியை இந்த அறையில் நான் பார்த்ததில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் பத்து, ஏன் இருபது இல்லை, பிரிண்ட் ஆகும்போது தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். என்ன ஆகும்? ஒரு தாள் வீணாகும். இது தற்காலிக ஏற்பாடுதான். மூல காரணத்தை நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டும்.

மோட்டாருக்கு ஆள் வந்து வால்வு மாற்றினார்.

ஜூன் 12, புதன்

லேப் டெக்னீசியன் மாலிக் பாய் போன் செய்தார். இரண்டு பக்க ரிப்போர்ட்டில் சில சமயம் ஒரு பக்கம்தான் வருகிறதாம். பேப்பர் ட்ரேயைச் சரிபாருங்கள் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

ஜெசிந்தா நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு கத்தை தாள். கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

“சார், முதல் பக்கம் வந்து நின்னுக்குதுங்க. மிச்சப் பக்கம் பத்து நிமிசம் கழிச்சு, வேற யாரோட ரிப்போர்ட்டுக்குப் பின்னாலயோ வருது. ரெண்டாம் பக்கத்துல பேரும் இல்லை, நம்பரும் இல்லை. எது யாருதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆகுதுங்க. பேரையாவது போட்டுக் குடுத்துருங்க.”

ஜனவரியில் நான்தான் அதை எடுத்தேன். இரண்டு வரி வழிந்து மூன்றாம் பக்கத்துக்குப் போகிறது, தாள் வீண் என்று பரமேஸ்வரன் புலம்பியதால், இரண்டாம் பக்கத்தின் தலைப்பை எடுத்துவிட்டேன். அப்போது எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள்.

புகார் நோட்டில் எழுதுங்கள் என்று சொன்னேன். எழுதியாச்சு என்றார். அப்படியானால் வரிசைப்படி வரும் என்றேன். தாள் கத்தையோடு திரும்பிப் போனார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அப்படி நிதானமாக நின்று பேசுவதே ஒரு வகைச் சத்தம்தான்.

தலைப்பைத் திரும்பப் போடுவது அரை மணி நேர வேலை. திங்கள் பார்க்கலாம்.

ஜூன் 17, திங்கள்

மருந்தகத்தில் இரண்டு கம்ப்யூட்டர் மாற்றினேன். வேறு ஒன்றுக்கும் நேரமில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மாலை நாலரை மணி இருக்கும். இரண்டாம் மாடி பெண்கள் வார்டிலிருந்து ஒரு அம்மாளை ஐ.சி.யு.வுக்கு ஓடி ஓடிக் கொண்டுபோனார்கள். நாச்சாத்தாள், ஐம்பத்தெட்டு வயது, காய்ச்சலுக்குச் சேர்ந்தவர். லேப் ரிப்போர்ட்டில் ஏதோ மாறிவிட்டது என்று வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள்.

சர்வரில் சி டிரைவில் இடம் குறைவாக இருந்தது. பழைய பதிவுகளை அழித்துச் சுத்தம் செய்தேன். வழக்கமான வேலைதான். அந்தப் பத்து நிமிட ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். தற்காலிகமாகப் போட்டதுதானே.

ஜூன் 19, புதன்

நடந்ததை இப்போது முழுதாகக் கேள்விப்பட்டேன். எழுதி வைக்கிறேன்.

நேற்றுக் காலை அந்த வார்டில் ரங்கநாயகி என்ற பெண்ணும் இருந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு. ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. நாச்சாத்தாளுக்குச் சரியாக இருந்தது. பதினொன்றே கால் வாக்கில் ரங்கநாயகியின் ரிப்போர்ட்டில் முதல் பக்கம் மட்டும் வந்து நின்றிருக்கிறது. மாலிக் பாய் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு பிரிண்டரில் இரண்டு பக்கத்தையும் அடித்து மேலே அனுப்பிவிட்டார். பிறகு இந்தப் பிரிண்டருக்கு நாச்சாத்தாளின் ரிப்போர்ட்டை அனுப்பினார். இரண்டு தாள் வந்து விழுந்தது. இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தார். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டார். முதல் தாள் நாச்சாத்தாளுடையது. இரண்டாவது தாள் ரங்கநாயகியின் மிச்சம்.

பொட்டாசியம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

வார்டில் அதைப் பார்த்து நாச்சாத்தாளுக்குப் பொட்டாசியம் கலந்த டிரிப் ஏற்றினார்கள். நான்கு மணிக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. இரண்டு முறை ஷாக் கொடுத்தார்களாம். இன்று காலை கண் விழித்துவிட்டார். பிழைத்துக்கொள்வார் என்று சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். லேபில் அது முதல் விதி.

ஜூன் 20, வியாழன்

டைரக்டர் அறையில் விசாரணை. டைரக்டர், பரமேஸ்வரன், மூத்த டாக்டர் ஒருவர். ஜெசிந்தாவை முதலில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். வெளியே வரும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. பின் அடித்தது யார் என்று கேட்டதற்கு, கையெழுத்து என்னுடையது, கேள்வியையும் என்னிடமே கேளுங்கள் என்றாராம். மாலிக் பாய் பெயரைச் சொல்லியிருந்தால் பாதிப் பழி அந்தப் பக்கம் போயிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் சர்வரில் ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று மூத்த டாக்டர் கேட்டார்.

“சர்வீஸ் ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்க சார்” என்றேன்.

அதற்குப் பதிவு ஏதும் உண்டா என்று கேட்டார். இடம் குறைவாக இருந்ததால் பதிவுகள் மாதாமாதம் சுத்தமாகிவிடும் என்று சொன்னேன். பரமேஸ்வரன் தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 21, வெள்ளி

ஜெசிந்தாவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி எனக்கே மெயில் வந்தது. அடித்து ஒட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

மறுபடி நிற்கத் தொடங்கிவிட்டது. ஒன்பதரை, பத்து ஐம்பது, பன்னிரண்டு, இரண்டே கால். ஒவ்வொரு தரமும் நானே போய்த் தள்ளிவிடுகிறேன். லேபில் இப்போது யாரும் போன் செய்வதில்லை. மாலிக் பாய் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இரண்டு பக்கமும் கையாலேயே ஒப்பிட்டு, பேனாவால் பெயர் எழுதித்தான் அனுப்புகிறாராம். வேலை இரண்டு மடங்கு தாமதம்.

இரண்டாம் பக்கத் தலைப்பைத் திரும்பப் போட்டேன். இருபது நிமிடம் ஆனது.

ஜூன் 27, வியாழன்

மாலிக் பாய் என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“அந்தப் பின் அடிச்சது நானுங்க சார். மேடம் பேரைச் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. எனக்கு ரெண்டு பசங்க படிக்கறாங்கன்னு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். அந்த ரெண்டாவது ஷீட்டு தானா வந்துச்சுங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நான் எங்கிருந்தாவது எடுத்துச் சேர்த்துப்போட்டேனான்னு தூக்கமே புடிக்கறதில்லை.”

தெரியலீங்க பாய், பதிவு இல்லை என்றேன்.

அவர் என் சர்வர் திரையைப் பார்த்தார். பிறகு சலாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் கண்ணில் இருந்தது சந்தேகமா நம்பிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே எனக்கு வேண்டாம்.

ஜூன் 29, சனி

மனைவி தேன்மொழி கேட்டாள், ஏனுங்க ஒரு வாரமாகச் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறீர்கள் என்று. வேலை என்றேன். பக்கத்துத் தெரு மாவு மில் இடம் மாறிவிட்டதாம், அரிசியைக் கொண்டுபோய் அரைத்து வந்தேன்.

ஜூலை 1, திங்கள்

ஜெசிந்தாவிடமிருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. சர்வரை வெளி ஆள் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு பக்கம், திருத்தமான கையெழுத்து. பரமேஸ்வரன் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

“வெளியாளு எல்லாம் வேண்டாம். கேஸு கீஸுன்னு ஆனா அவன் எழுதறதெல்லாம் நமக்கே திரும்பும். சர்வர் நல்லா இருந்துச்சுன்னு நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க, சென்னியப்பன். முடிச்சுருவோம்.”

எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. கையெழுத்து, தேதி, முத்திரை.

அவர் சொன்னார், எழுதினேன். எழுதியது நானில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஜூலை 4, வியாழன்

மூல காரணத்தைப் பிடித்தே தீருவது என்று காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தேன்.

முதலில் பிரிண்டர் டிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பழையவை நான்கு, புதிதாகப் போட்டேன். நின்றது. வரிசையில் தேங்கும் கோப்புகளின் இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றினேன். நின்றது. வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் நின்றது. பிறகு சர்வரில் இருக்கும் பிரிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்து, எதை நிறுத்தினால் மூச்சு வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் எண்ணிக்கை இடித்தது. மருத்துவமனையில் பதினான்கு. சர்வரில் பதினைந்து.

பதினைந்தாவது, அவசரப் பிரிவில் இருந்த பழைய பிரிண்டர். பிப்ரவரியில் ரிப்பேராகி ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. தூக்கிக்கொண்டு போனதே நான்தான். சர்வரில் அதன் பெயரை எடுக்கவில்லை. அதற்கு இருந்த முகவரியை மார்ச்சில் வந்த கண்காணிப்புக் கேமராவுக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து சர்வர் அந்தக் கேமராவிடம் போய், தாள் இருக்கிறதா, மை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. கேமரா எங்கே பதில் சொல்லும்? பதில் வரும்வரை சர்வீஸ் காத்து நிற்கிறது. பின்னால் வருகிறவை எல்லாம் அதன் முதுகில் முட்டி நிற்கின்றன.

அந்தப் பெயரை அழித்தேன். மூன்று விநாடி.

அதன் பிறகு மாலைவரை ஒரு முறை கூட நிற்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

நிற்கவில்லை. தேதி குறித்து வைப்பதற்காகப் புகார் நோட்டைப் புரட்டினேன். மார்ச் 19, ஜெசிந்தா: ‘பிரிண்ட் கொடுக்கும்போது பழைய அவசரப் பிரிவு பிரிண்டர் பெயர் இன்னும் பட்டியலில் வருகிறது. தவறி அதைத் தேர்வு செய்தால் எல்லாம் நின்றுவிடுகிறது. நீக்கவும்.’ ஏப்ரல் 8, அதே கையெழுத்து, அதே விஷயம். மே 27, மறுபடி. மூன்றுக்கும் பக்கத்தில் ‘பார்க்கப்பட்டது’ என்று என் கையெழுத்து இருக்கிறது.

படித்தேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் எழுதியது என்றால் நான் பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

ஜூலை 8, திங்கள்

காலைக் கூட்டத்தில் டைரக்டர் பாராட்டினார். நான்கு நாளாக ஒரு ரிப்போர்ட் கூடத் தாமதமாகவில்லை என்று கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். மாலிக் பாய் தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“இப்ப சரியாயிருச்சுன்னா, அப்ப சரியில்லாம இருந்துச்சுன்னுதானுங்களே அர்த்தம்?”

இறங்கிவிட்டேன். ஸ்கூட்டருக்குப் பின் டயர் மாற்றினேன்.

ஜூலை 12, வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

பதினோரு மணிக்கு ஓ.பி. ரிசப்ஷனில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து லேப் எந்தப் பக்கம் என்று கேட்டார். நம்பியூர் பக்கத்து ஆள். கூட அவர் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். நாச்சாத்தாள். மறு பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள்.

கூட்டிக்கொண்டு போனேன். முப்பது அடி தூரம். அந்த அம்மாள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். முன்னெல்லாம் தறிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவர் என்று பெரியவர் சொன்னார். இப்போது அடுப்படியில் நிற்க முடியவில்லையாம்.

லேப் வாசலில் பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “அந்தப் பொம்பள இன்னும் இருக்கறாளுங்களா, சாமி? ரிப்போர்ட்டு மாத்திக் குடுத்தவ?”

இல்லை, நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

“நல்லா வேணும். அவ கை வெளங்காமப் போவோணும். என்ற பொண்டாட்டி நெஞ்சுல கரண்டு வெச்சாங்க, ரெண்டு தடவ. ஒரு சீட்ட ஒழுங்காப் பார்க்கத் தெரியாதவளுக்கு எதுக்குங்க இந்த வேலை?”

நாச்சாத்தாள் அவர் கையைப் பிடித்து, உடுங்க, கும்பிட்டுட்டுப் போலாம் என்றார். பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கொண்டுவந்து விட்டதற்காக.

நானும் கும்பிட்டேன். அவர் சாபம் கொடுத்தபோது தலையாட்டியும் இருக்கிறேன். அதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஜூலை 13, சனி

பேக்கப் டிஸ்கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சர்வர் தினமும் மாலை நான்கு மணிக்குத் தன்னைத்தானே ஒரு நகல் எடுத்து வைக்கும். ஜூன் 18, நான்கு மணி. அந்தப் பதிவை நான் சர்வரில் அழித்தது அதற்குப் பிறகு, ஐந்தரைக்கு.

இருக்கிறது. 11:20:00 சர்வீஸ் நிறுத்தப்பட்டது. 11:20:04 தொடங்கப்பட்டது. நாச்சாத்தாள், பக்கம் 1, முடிந்தது. ரங்கநாயகி, பக்கம் 2, முடிந்தது. நாச்சாத்தாளின் பக்கம் 2 வந்தது 11:30-க்குப் பிறகு. நிறுத்தியது யார் என்ற இடத்தில் என் பெயர்.

மாலிக் பாய் எங்கிருந்தும் எடுத்துச் சேர்க்கவில்லை. தாள் தானாகத்தான் வந்திருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

தேன்மொழியிடம் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு முழுதும் கேட்டாள். இது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். நேற்றுத்தான் என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

முதல் நாளிலிருந்தே என்றேன்.

அதை இதுவரை இந்த டைரியிலும் எழுதியதில்லை. ஜூன் 18 மாலை வராந்தாவில் அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிடமே தெரியும். இடம் குறைவு என்று எழுதியிருக்கிறேனே, டிரைவில் பாதிக்குமேல் காலி.

ஜூலை 15, திங்கள்

இறுதி விசாரணை. ஜெசிந்தாவும் வந்திருந்தார். பழுப்புப் புடவை, மடியில் ஃபைல். வேலை நீக்கத்துக்கான கடிதம் ஏற்கெனவே அடித்துத் தயாராக பரமேஸ்வரனின் மேஜையில் இருந்தது. அதைப் பிரிண்ட் செய்த நேரம்கூட எனக்குத் தெரியும்.

என்னைக் கூப்பிடவில்லை. நானே கதவைத் தட்டி உள்ளே போய், பதிவை அச்செடுத்த தாளை டைரக்டர் முன்னால் வைத்தேன். ஜூலை 1-இல் எழுதிக் கொடுத்த கடிதம் பொய் என்றேன். பத்து நிமிட ஏற்பாடு, ஜனவரியில் எடுத்த தலைப்பு, மூன்று முறை புகார் நோட்டில் வந்தது, அழித்தது எல்லாம் சொன்னேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

டைரக்டர் தாளை எடுத்துப் படித்தார். பரமேஸ்வரன் எழுந்து நின்றார்.

“என்னப்பா பேசறே? தெரிஞ்சுதான் பேசறியா? இது வெளிய போனா ஆஸ்பத்திரிய இழுத்து மூட வேண்டியதுதான்.”

பதினோரு வருஷத்தில் முதல் முறையாக என்னை ஒருமையில் பேசினார்.

மூத்த டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் என்னை அல்ல, தாளைத்தான் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

“இதுல ஒரு காப்பி எனக்கு வேணுமுங்க” என்றார். “ஒண்ணு மாலிக் பாய்க்கு. இன்னொண்ணு அந்த நம்பியூர்க்காரங்களுக்குப் போகோணும். தபால்ல வேண்டாம். யாராவது நேர்ல கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டோணும்.”

முதல் இரண்டுக்கும் டைரக்டர் சரி என்றார். மூன்றாவதற்குப் பதில் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

ஜெசிந்தாவின் சஸ்பெண்ட் ரத்து. ஆனாலும் சரிபார்க்காமல் கையெழுத்திட்டதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் உண்டு. எனக்கு, இரண்டு வாரத்தில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நானாக விலகிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மூன்றாவது நகலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நம்பியூர் போய் வந்தேன். படித்துக் காட்டினேன். பெரியவர் தாளை வாங்கிக்கொண்டு, என்னை வாசலைவிட்டு இறங்கச் சொன்னார். இறங்கினேன். அவர் அன்று ஜெசிந்தாவுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகப் போவதாகச் சொன்னார். போங்கள், கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

ஜெசிந்தா வேலைக்கு வந்துவிட்டார். லேபில் கேக் வெட்டினார்களாம். எனக்கு வரவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மாலிக் பாய் வராந்தாவில் எதிரே வந்தார். நின்றேன். அவர் நிற்கவில்லை.

ஜூலை 31, புதன்

கடைசி நாள். எல்லாப் பிரிவிலும் ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கணக்குப் பிரிவு, மருந்தகம், எக்ஸ்ரே எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தது. லேபைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

ஜெசிந்தா படிவத்தை வாங்கிப் படித்தார். ‘பிரிண்டர்கள் அனைத்தும் சரியாக இயங்குகின்றன’ என்ற வரியில் விரலை வைத்தார்.

மேடம், நடந்ததற்கு என்று நான் தொடங்கினேன்.

“அது இருக்கட்டுங்க. பதினாலு பிரிண்டர் இருக்குது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்க ரிப்போர்ட்டு ஒண்ணு அடிச்சு, ரெண்டு பக்கத்துலயும் பேரும் நம்பரும் ஒண்ணா இருக்குதான்னு நீங்களே நின்னு பார்த்து, பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. அப்புறம் நான் போடறேன்.”

போனேன். நான்கு மாடி, பதினான்கு பிரிண்டர், இருபத்தெட்டுத் தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, முதல் தாள் வந்து, இரண்டாவது வரும்வரை காத்திருந்து, பெயரை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். வார்டு சிஸ்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவர் கத்தையை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிதானமாக. நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. இருபதுக்கு மேல் தாண்டியபின் ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார்.

“குழந்தைங்க வார்டு. ரெண்டாவது பக்கம். கையெழுத்து இல்லீங்க.”

பார்த்தேன். இல்லை. விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து, இங்கேயே போட்டுவிடுகிறேன் என்றேன்.

“இங்க வேண்டாங்க” என்றார். “மறுபடி அடிச்சு, அங்க நின்னு பார்த்துப் போட்டுட்டு வாங்க.”

குழந்தைகள் வார்டு நான்காவது மாடி. லிஃப்ட் வாசலில் ஒரு ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. படியில் ஏறினேன்.